சுவருக்குச் சுவர் ஒரு மெத்தை

கல்கத்தாவில் குடித்தனம் வைத்த முதல் குளிர்காலத்தில் நான் ஒரு ராத்திரிகூட உருப்படியாகத் தூங்கவில்லை. குளிரைப் பொறுத்துக்கொள்ளலாம். என் வீட்டுக்காரர் தூக்கத்தில் உருளுவார். பாயில் படுத்த என்னை மெல்ல மெல்லத் தள்ளிச் சில்லிட்ட தரையில் விட்டுவிடுவார். காலையில் ஒன்றும் அறியாதவர்போல எழுந்து கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸுக்குக் கிளம்பிப் போவார். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வரும்.

"மெத்தை வாங்கலைன்னா நான் ஊருக்கே போயிடறேன்" என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பயந்துபோய், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தெருவில் போன பஞ்சடிக்கிறவரைக் கூட்டிவந்தார். வந்தவர் தோளிலிருந்த பஞ்சடிக்கும் வில்லை இறக்கிவைத்துவிட்டு அளவு கேட்டார். ரெண்டு பேர் படுக்கிற அளவு என்றார் இவர். எனக்கு வந்ததே கோபம்! அந்த அளவு இவர் ஒருத்தருக்கே காணாது.

"தரையில படுத்து உருண்டு காட்டுங்கோ" என்றேன்.

வேற்று மனுஷர் முன்னால் வெட்கப்பட்டுக்கொண்டு அரைச்சுற்று உருண்டார்.

"ராத்திரி உருளற மாதிரி உருளுங்கோன்னா!"

இந்தத் தடவை சுவரில் போய் முட்டிக்கொண்டார். சுவர் வரைக்கும் கரியால் கோடு போட்டேன். பஞ்சடிக்கிறவர் சிரிப்பை அடக்க முடியாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மெத்தை வந்த அன்று அடித்துப்போட்டதுபோலத் தூங்கினேன். வில்லங்கம் காலையில்தான் தெரிந்தது. எங்கள் ஜாகையில் முன்னால் குழாயடி, நடுவில் இந்த அறை, அதைத் தாண்டித்தான் சமையலறை. குளித்து மடியாகத்தான் அடுப்பைத் தொடுவேன். குளித்தபின் படுக்கையில் கால் பட்டால் மடி போயிற்று, மறுபடியும் குளிக்க வேண்டும். பாயாக இருந்தவரை சுருட்டிவைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தோம். இப்போது ஈரப் புடவையோடு நின்று பார்க்கிறேன், கால் வைக்க இடமில்லாமல் அறை முழுக்க மெத்தை.

"சுருட்டுங்கோன்னா!"

மூச்சைப் பிடித்துக்கொண்டு சுருட்டினார். பாதி சுருண்ட மெத்தை திமிறி விரிந்து, அவரைச் சமையலறைக்குள் உருட்டிவிட்டது.

"இந்தப் பக்கம் வந்துட்டேனே!" என்றார் பரிதாபமாக.

"வந்தது வந்தேள், அப்படியே சாதத்தை வைங்கோ. ஆபீசுக்கு நாழியாறது."

"நான் இன்னும் குளிக்கலையேடி?"

"பானைத் தண்ணியைத் தலையில விட்டுக்கோங்கோ."

நானும் மெத்தையை மிதித்து அந்தப் பக்கம் போய் அதே பானையைக் கவிழ்த்துக்கொண்டிருக்கலாம்தான். அப்போது தோன்றவில்லை என்றுதான் இன்றுவரை அவரிடம் சொல்லிவருகிறேன்.

வேஷ்டி சொட்டச் சொட்ட, பல் கிட்டிக்க, நான் இங்கிருந்து கத்தக் கத்த அவர் சமைத்தார். சாதம் குழைந்தது. ரசம் வாயில் வைக்க முடியவில்லை. அதையே சாப்பிட்டுவிட்டு ஓடினார்.

சாயங்காலம் திரும்பும்போது கூடவே பஞ்சடிக்கிறவர், கையில் கத்தரிக்கோலோடு.

"பாவம், நீ எத்தனை கஷ்டப்பட்டே! ஒரு ஓரமா வெட்டிட்டு நடக்க வழி பண்ணிடலாம்" என்றார் இவர்.

எனக்குத் திக்கென்றது. வெட்டினால் மறுபடியும் எனக்குத் தரைதான். ஓடிப்போய் மெத்தையின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு. ரசத்துலதான் உப்பு ஜாஸ்தி. நாளைக்குக் கொஞ்சம் குறைச்சுப் போடுங்கோ."