மாமா குளிப்பாட்டிய வாஷிங் மெஷின்கள்

அந்தப் பழைய மெஷினைக் கவிழ்த்தபோது கிளம்பிய நாற்றம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. திருவொற்றியூரில் அக்கா வீட்டு வாசலில், காயலான் கடைக்காரர் வண்டியில் ஏற்றுவதற்கு முன் உள்ளே இருக்கும் தண்ணீர் வடியட்டும் என்று நானும் மாமாவும் அதைச் சாய்த்தோம். அடித்தகரம் துருவேறி, கை பட்டதும் பொரை ரொட்டி மாதிரி உதிர்ந்தது. உள்ளேயிருந்து கறுப்பாக ஒரு கூழ் வழிந்தது. நிலக்கரித் தூளும் சோப்பும் முடியும் துணிப் பஞ்சும் வருடக்கணக்கில் ஊறி ஒன்றாகிப்போன கூழ். அதில் செத்த கரப்பான்கள் மிதந்தன. இந்தத் தொட்டியில் துவைத்த தலையணை உறையில்தான் இத்தனை காலம் முகத்தை வைத்துத் தூங்கினோம் என்று தோன்றியதும் நான் சுவரோரம் போய்க் குந்திவிட்டேன்.

மாமா சிரித்தார். “இன்னா மச்சான், வாந்தியா? இம்மாம் அழுக்கத் துன்னுட்டு இத்தினி வருசம் ஓடிகீது பாரு. அதான்யா கம்பெனி!” என்று செத்துப்போன மெஷினின் முதுகில் தட்டிக் கொடுத்தார். கூழ் அவர் காலடி வரை வந்துவிட்டது. அதை அக்காதான் பிறகு துடைப்பத்தால் தள்ளிக் கழுவினாள்.

மாமா என்று நான் சொல்வது என் அக்காவின் கணவரை. எண்ணூர் பக்கம் நிலக்கரி கொட்டிவைக்கும் யார்டில் லோடர் வண்டி ஓட்டினார். அம்மா இறந்த பிறகு எனக்கு அக்கா வீடுதான். பின்னால் ஒரு தடுப்பு அறையில் இருந்தேன், இப்போதும் இருக்கிறேன். நான் ஐந்தாவதோடு நின்றவன், ஐஸ் கம்பெனியில் பார் ஐஸ் இழுத்துப் போடுகிற வேலை. நான்கு பேர் கூடினால் எனக்கு நாக்கு எழாது. பேசாதவன் எதிரில் எல்லோரும் எல்லாவற்றையும் பேசுவார்கள். அப்படித்தான் அந்த வீட்டில் நடந்ததையெல்லாம் பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருந்தேன்.

மாமாவுக்கு பாய்லர் சூட் என்று கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துண்டாகத் தைத்த நீல உடுப்பு இரண்டு உண்டு. ஒன்று உடம்பில், ஒன்று துவைக்கிற இடத்தில். சாயங்காலம் அவர் வீட்டுக்கு வரும்போது அது நீலமாக இருக்காது. வேர்வையும் கரித்தூளும் குழைந்து, காலரிலும் அக்குளிலும் கெட்டியாகப் பத்துப் போட்ட மாதிரி ஒட்டியிருக்கும். எங்கள் பக்கத்து போர் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காது, திரிந்து வெள்ளைத் தயிராகத் துணியில் ஒட்டிக்கொள்ளும். அந்தத் தண்ணீரில் அந்த உடுப்பைக் கையால் துவைத்துத் துவைத்துத்தான் அக்காவின் விரல்கள் கெட்டன. விரலிடுக்கில் தோல் வெடித்து நீர் கசியும். பெரியாஸ்பத்திரியில் தோல் டாக்டரம்மா சோப்புத் தண்ணீரில் கையே வைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். அதன் பிறகு வாங்கியதுதான் அந்தப் பழைய மெஷின். இரண்டு தொட்டி வைத்தது, ஒன்றில் துவைத்து மற்றொன்றில் பிழிவது. அதன் நெற்றியில் நீல எழுத்தில் கம்பெனிப் பெயர் இருக்கும். அக்காவின் விரல்கள் ஆறிப்போய், பூத்தொடுக்கக்கூட முடிந்தது.

மெஷின் செத்ததும் அடுத்த நாளே இன்னொன்று வந்துவிடும் என்று நான் நினைத்தேன். அங்கேதான் மாமா விசாரிக்கத் தொடங்கினார்.

டீக்கடையில் விசாரித்தார். யார்டில் விசாரித்தார். அத்திப்பட்டில் இருக்கும் சகலையிடம் விசாரித்தார். எம்.கே.பி. நகரில் ஒரு தோஸ்து வீட்டில் புது மெஷின் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை என்னையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு போய், அதன் மூடியைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு கம்பெனி. “மோட்டருக்குப் பத்து வருசம் கேரண்டி தர்றான் நைனா” என்பார் ஒருவர். “அத்த வாங்காத, அவன் டப்பாவ மட்டும்தான் செய்யறான், மோட்டர் வெளிலேர்ந்து வருது” என்பார் இன்னொருவர். ஒருவர் சொன்ன கம்பெனியை மற்றொருவர் திட்டுவார், பெற்ற தாயைப் பழித்தது போல முதல் ஆளுக்குக் கோபம் வரும். டீ ஆறிப்போகும். நான் அந்த ஆட்களின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு கைகூட ஒரு துண்டைத் துவைத்து உலர்த்தியது கிடையாது. இவர்கள் வீட்டில் அந்த மெஷினுக்கு எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்றால் முழிப்பார்கள். ஆனால் தீர்ப்பு மட்டும் கோர்ட்டு நீதிபதி மாதிரி. 

அந்த நாட்களில் அக்கா இரண்டு கைகளிலும் பிளாஸ்டிக் கவரை மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டு பாய்லர் சூட்டைத் தேய்த்தாள். பிரஷ் பட்டுக் கவர் கிழியும். கிழியாத நாளில் உள்ளே வேர்த்து இன்னும் மோசமாகும். நான் எடுத்துத் தேய்க்கப் போனால் பிடுங்கிக்கொள்வாள். “வுடு தம்பி. கட்டுனவன் துணிய கூடப் பொறந்தவன் தொவைச்சான்னு தெருவே பேசும்.” தண்ணீர் தூக்கிக் கொடுப்பதோடு என் வேலை முடிந்துவிடும்.

எல்லோரையும் கேட்டுவிட்டுக் கடைசியில் மாமா பழைய நீல எழுத்துக் கம்பெனியிலேயே வாங்கினார். இது ஒற்றைத் தொட்டி. பொத்தானை அழுத்தினால் தானே தண்ணீர் எடுத்து, துவைத்து, பிழிந்து, முடிந்ததும் பாட்டு மாதிரி ஒரு சத்தம் கொடுக்கும். மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டுவார். அக்காவின் விரல் வெடிப்புகள் மறுபடி மூடத் தொடங்கின.

ஆயுத பூசை வந்தது. எங்கள் பக்கம் அது குளிப்பாட்டுகிற நாள். யார்டில் லோடர்களையெல்லாம் பெரிய குழாய் வைத்துப் பீய்ச்சிக் கழுவி, பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்குவார்கள். அதை முடித்துவிட்டு மாமா வீட்டுக்கு வந்தால் வீட்டில் வேலை செய்கிற அத்தனைக்கும் குளியல். பைக், சைக்கிள், அம்மி, அரிவாள்மனை, கடைசியில் வாஷிங் மெஷின். பழைய மெஷின் வருடா வருடம் தலை முதல் கால் வரை குடம் தண்ணீர் வாங்கிக்கொண்டு நின்றது. அதன் மேல்பாகம் முழுக்க பிளாஸ்டிக், திருகுகிற குமிழ்கள், அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் புது மெஷினுக்கும் மாமா அதே மரியாதையைச் செய்தார். மேலே பொத்தான்கள் இருக்கும் பலகையில் ஒரு குடம். பிறகு நெற்றியில் குழைத்த குங்குமம். கற்பூரம் காட்டி எல்லோரும் கும்பிட்டோம்.

மறுநாள் அக்கா பொத்தானை அழுத்தினாள். எல்லா விளக்கும் ஒன்றாக மினுக்கின. பாட்டு பாதியில் இழுத்து நின்றது. அவ்வளவுதான்.

கம்பெனியிலிருந்து மெக்கானிக் வந்தார். சின்ன வயது, வியாசர்பாடிக்காரர். மேல் மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்து பச்சை அட்டை ஒன்றை உருவினார். அதில் சிவப்பாகக் குங்குமக் குழம்பு வழிந்து காய்ந்திருந்தது. அதைத் தூக்கிப் பிடித்து மாமாவைப் பார்த்தார்.

“இன்னா நைனா, போர்டுக்குப் பொட்டு வெச்சிகீற?”

“நான் எங்கப்பா வெச்சேன்? வெளிய வெச்சேன்.”

“தண்ணி ஊத்துனியா?”

“தண்ணி ஊத்த நான் இன்னா கிறுக்கனா?”

அக்கா கதவோரம் நின்றுகொண்டு, “தண்ணி ஊத்தலப்பா. குளிப்பாட்டிச்சு” என்றாள்.

மெக்கானிக் சிரித்துச் சிரித்து இருமிவிட்டார். தண்ணீர் போனதற்கு கேரண்டி கிடையாது என்று சொல்லிவிட்டு, அட்டையை மெஷினின் மேலேயே வைத்துவிட்டுப் போனார். வேறொருவராக இருந்தால் தலையைச் சொறிந்துகொண்டு அசடு வழிந்திருப்பார். மாமாவுக்கு வந்தது கோபம். “லோடர் குளிக்குது. கிரேனே குளிக்குது. ஒரு சொம்பு தண்ணிக்குத் தாங்காதது ஒரு மிஷினா? திருட்டுப் பசங்க. கம்பெனி கெட்டுப்போச்சி மச்சான்.” அன்றிலிருந்து நல்ல கம்பெனிக்கு அவர் ஓர் இலக்கணம் வைத்துக்கொண்டார். குளிப்பாட்டினால் தாங்க வேண்டும். அதற்காக மறுபடியும் விசாரணை, மறுபடியும் டீக்கடை. வண்ணாரப்பேட்டையில் கடை கடையாக ஏறி, எந்த மெஷின் தண்ணீருக்குத் தாங்கும் என்று கேட்டார். கடைக்காரர்கள் அவரைத் துணி துவைக்கத் தெரியாதவராகப் பார்த்தார்கள். உண்மையும் அதுதான். தீபாவளி போய், பொங்கல் போய், வெயிலும் வந்துவிட்டது.

அந்த மாதங்களைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. மாமா கெட்டவர் இல்லை என்று தெருவே சொல்லும். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். நானும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அக்கா சோறு பிசைய முடியாமல் கரண்டியால் எடுத்துச் சாப்பிடும்போது, பக்கத்தில் உட்கார்ந்து வஞ்சிர மீனைப் பிய்த்துக்கொண்டே எந்தக் கம்பெனி மோட்டார் ஜெர்மனியில் செய்கிறான் என்று அவர் பேசியதைக் கேட்டிருக்கிறேன். மேலே அவருக்குச் சலவை செய்த சட்டை. அந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்தாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அந்தக் கூழைப் பார்த்தபோது வந்ததைவிட மோசமான குமட்டல். அப்போது தேய்ந்த அக்காவின் விரல் ரேகை இன்றுவரை திரும்பவில்லை. ரேஷன் கடையில் விரலை வைத்தால் மெஷின் ஏற்காது. துடைத்துவிட்டு வையம்மா, எண்ணெய் தடவி வையம்மா என்பார்கள். பின்னால் வரிசை முணுமுணுக்கும்.

கடைசியில் சிவப்பு எழுத்துக் கம்பெனி மெஷின் ஒன்று வந்தது. தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாது என்று ஏதோ ஒரு கடைக்காரர் வாய்க்கு வந்ததைச் சொல்லி மாமாவின் தலையில் கட்டியிருந்தார். அக்கா அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்புத் தைத்துப் போட்டாள். மூன்று பக்கம் தொங்கும் உறை. விரல்கள் மறுபடி ஆறின.

அடுத்த ஆயுத பூசை அன்று மாமா குடத்தோடு வந்தபோது அக்கா மெஷினுக்கு முன்னால் நின்றாள். 

“பொட்டு வெச்சுக்க. மாலை போட்டுக்க. தண்ணி வேணாம்யா.”

“ஏய், தள்ளு. தாங்கும்னு சொல்லித்தான் குடுத்துகீறான்.”

“தாங்கலேன்னா?”

“தாங்கலேன்னா கம்பெனி சரியில்லேன்னு அர்த்தம்.”

“அப்போ என் கைக்கு இன்னா அர்த்தம்?”

பக்கத்து வீட்டுக்காரர்கள் சுண்டலுக்கு வந்து நின்றிருந்தார்கள். அவர்கள் எதிரில் குடத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போக மாமாவால் முடியவில்லை. அக்காவை ஒரு கையால் நகர்த்திவிட்டு, விரிப்பைத் தூக்கி, குடத்தைக் கவிழ்த்தார். குடம் காலியானதும் சுற்றிப் பார்த்துச் சிரித்தார். யாரோ கைதட்டினார்கள்.

அது பாட்டுகூடப் பாடவில்லை. அன்று சாயங்காலமே செத்துக் கிடந்தது.

அக்கா மாமாவின் அழுக்குப் பாய்லர் சூட்டை மடித்து, அந்தச் செத்த மெஷினின் மேல் வைத்தாள். பக்கத்தில் சோப்புக் கட்டியும் பிரஷும். மற்றத் துணிகளை மெல்ல மெல்லத் தானே பார்த்துக்கொண்டாள். அதை மட்டும் தொடவில்லை. மாமா முறைத்தார், சோறு வேண்டாம் என்றார், பிறகு சாப்பிட்டார். ஒரே உடுப்பை நாள்கணக்கில் போட்டுக்கொண்டு போனார். அது விறைத்து, கழற்றிச் சுவரில் சாய்த்தால் ஆள் மாதிரி நின்றது. ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். யார்டிலும் விடவில்லை. “இன்னா நைனா, கரிய வூட்டுக்கே கடத்திகினு போறியா?”

ஒரு விடுமுறை நாள் காலையில் குழாயடியில் சத்தம் கேட்டு எழுந்து பார்த்தேன். மாமா குந்தி உட்கார்ந்து பாய்லர் சூட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சோப்பு நுரைக்கவில்லை என்று தண்ணீரைத் திட்டினார். கறுப்பு போகவில்லை என்று சோப்பைத் திட்டினார், பிறகு சலவை சோடாவைக் கை நிறைய அள்ளிப் போட்டார். அடுத்த வாரமும் அப்படித்தான். அதற்குள் அவர் உள்ளங்கை உரிந்து, விரலிடுக்கில் வெடிப்பு விட்டது. லோடர் கம்பியைப் பிடிக்க முடியாமல் துணியைச் சுற்றிக்கொண்டு ஓட்டினார் என்று யார்டில் சொன்னார்கள். வீட்டில் கையை மடிக்குள் வைத்துக்கொண்டார். ஒரு நாள் வேலைக்குப் போகாமல் என்னை எழுப்பினார். “மச்சான், வா. வண்ணாரப்பேட்ட போலாம்.”

கடையில் அண்ணாச்சி எழுந்து வந்தார். மாமாவை அவருக்கு நன்றாக நினைவிருந்தது. “வாங்க, என்ன மாதிரி பாக்கீங்க? இந்தக் கம்பெனில புதுசா ஒண்ணு வந்திருக்கு, மோட்டாரு...” என்று ஆரம்பித்தார்.

மாமா இரண்டு கைகளையும் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு நின்றார். “எது இன்னிக்கே வூட்டுக்கு வரும்?” என்று கேட்டார்.

அண்ணாச்சிக்குப் புரியவில்லை. “கம்பெனி...”

“எதுனா இருக்கட்டும்யா. எது இன்னிக்கு வரும்?”

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இத்தனை டீக்கடையும் இத்தனை கம்பெனியும் அளந்த வாய், என் அக்காவுக்காக ஒரு தடவைகூடக் கேட்காத கேள்வி அது. தன் கை இரண்டு வாரம் எரிந்ததும் வந்துவிட்டது. நான் வெளியே வந்து படியில் நின்றுகொண்டேன்.

மதியமே மெஷின் வந்து இறங்கியது. அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த இடத்திலிருந்து எழவில்லை. தலையைத் திருப்பி, “இன்னா கம்பெனி?” என்று மட்டும் கேட்டாள்.

மாமா குனிந்து, அட்டைப்பெட்டியில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தார்.