மருந்து குடித்த அவரை

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டதால் ‘ர’ எங்கே, ‘ற’ எங்கே என்று இன்றும் தடுமாறுவேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வாழவந்திப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் அப்பா “மருந்தடிக்கிற ஆள்”. முதுகில் பூச்சிமருந்து டப்பாவைச் சுமந்து நாளெல்லாம் அடித்துவிட்டு, எஸ்டேட் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீட்டுக்கு அவர் வரும்போது, மண்ணெண்ணெயும் அழுகிய பூண்டும் கலந்தது போன்ற ஒரு வாடை அவருக்கு முன்னால் வாசலுக்கு வந்துவிடும். அம்மா அவர் சட்டையைக் குச்சியால் தூக்கிப்போய்த் தனியாக அலசுவாள். அவருக்கு எப்போதும் இருமல். விரல்களில் தோல் உரிந்துகொண்டே இருக்கும்.

அதனாலோ என்னவோ, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அம்மா முதலில் விலை கேட்கமாட்டாள். “ஏனுங்க, இது மருந்து குடிச்ச காயுங்களா?” என்பாள். “ஏனக்கா, அதுக்கென்ன காதல் தோல்வியா, மருந்து குடிக்கறதுக்கு?” என்றார் ஒரு கடைக்காரர். சுற்றி நின்றவர்கள் சிரிக்க, நான் கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். அம்மாவோ, செம்மநத்தத்திலிருந்து சொந்தக் காட்டுக் காய் கொண்டுவரும் அக்காவிடம் போய், பூச்சி ஓட்டை போட்ட கத்தரிக்காயாகப் பார்த்துப் பொறுக்கினாள். புழு தின்று பிழைத்திருக்கிறதென்றால் நாமும் பிழைத்துக்கொள்வோம் என்பது அவள் கணக்கு.

எஸ்டேட்டில் எங்களுக்கு விட்டிருந்த துண்டு நிலத்தில் அவளுடைய அவரைக்கொடி பந்தலேறியிருந்தது. ஊதா விளிம்பு வைத்த பட்டை அவரை. கல்யாணமாகி வரும்போது முந்தானையில் முடிந்து கொண்டுவந்த விதை. ஒரு மார்கழியில் பூவெல்லாம் கருப்பாகச் செடிப்பேன் மொய்த்தது. சாம்பல் தூவினாள், விரலால் நசுக்கினாள், தீரவில்லை. அவள் முகம் வாடுவதை அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவள் வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், டப்பாவில் மிஞ்சியதைக் கொடியில் அடித்துவிட்டார். சாயங்காலம் அவரே ஆசையாகச் சொன்னார்: “நோவு வந்தா மருந்து குடுக்கறதில்லையா புள்ள? இனி பாரு, எப்படிக் காய்க்குதுன்னு.”

அம்மா சத்தம் போடவில்லை. “உங்க மேலுக்கே ஒத்துக்காதது புள்ளைங்க வயித்துக்கு ஒத்துக்குமுங்களா?” என்று கேட்டுவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கொடி பிழைத்துக் கொத்துக்கொத்தாகக் காய்த்தது. அம்மா ஒரு காயையும் பறிக்கவில்லை. எங்களையும் தொட விடவில்லை. அப்பா வேலை முடிந்து வந்து பந்தலடியில் கொஞ்ச நேரம் நிற்பார், பிறகு குளிக்கப் போவார். காய்கள் முற்றி வெடித்தன. மாசியில் அம்மா விதைகூட எடுக்காமல் கொடியைப் பிடுங்கி எரித்தாள். அதன் பிறகு அப்பா அந்த நிலத்தில் கால் வைக்கவில்லை.

அவர் இறந்து பல வருஷம் கழித்து, காய் நறுக்கிக்கொண்டே அம்மா தானாகச் சொன்னாள்: “விஷம் விஷந்தான் கண்ணு. நான் பறிக்காதது தப்பில்ல. ஆனா எனக்காகத்தான் செஞ்சீங்கன்னு அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

இப்போது அம்மாவும் இல்லை. லைன் இருந்த இடத்தில், புதிதாக வந்த விடுதிக்கு வருகிறவர்கள் கார் நிறுத்துகிறார்கள். நான் வேலை பார்க்கும் ஓட்டலுக்குச் சேலத்திலிருந்து லாரியில் காய் வருகிறது. அது எதைக் குடித்து வந்தது என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. வாடகை வீட்டு மாடியில், பெயின்ட் வாளிகளில் கீரையும் தக்காளியும் வைத்திருக்கிறேன். ஊதா விளிம்பு அவரையைச் செம்மநத்தம் வரை தேடிப் பார்த்துவிட்டேன். எங்கேயும் இல்லை. நேற்று பச்சை அவரையைத்தான் ஊன்றினேன்.

காலையில் பார்த்தால், நான் சொல்லாமலே என் மனைவி வாளிகளுக்குச் சாம்பல் போட்டு, காற்று அடிக்காமல் சாக்கும் கட்டி வைத்திருந்தாள். எனக்காகத்தான் செய்தாள் என்று தெரியும். எதிரே நின்றேன், வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். அவளும் படிப்பாள்.

ஆடி மாதம், இரண்டாம் ஞாயிறு.