நீல அறையின் நார்மன்

யாராவது பட்டுத் திரைச்சீலையைத் தொட்டால் நார்மன் டாப்ஸ்காட் ஒரு முறை இருமுவார். நாற்காலியில் உட்காரப் போனால் இரண்டு முறை. வருடத்துக்கு ஒரு முறை, ஜூனில், நெதர்கோம் மாளிகையையும் பக்கத்துத் தேவாலயத்தையும் ஊராருக்குத் திறந்துவிடும் நாளில், எட்டு வருடமாக நீல அறைக்கு அவர்தான் காவல். அதற்கு முன் முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டினார். கூட்டம் வாசலில் தேங்கினால் பழைய குரல் வந்துவிடும்: “உள்ள போங்க, உள்ள போங்க. பின்னாடி எடம் காலியாத்தான் இருக்கு.”

மழைக்கோட்டை வெயிலிலும் கழற்றமாட்டார். அதன் பையில் பாதி சீஸ் சாண்ட்விச் எப்போதும் இருக்கும். மீதிப் பாதியை அவர் தின்று யாரும் பார்த்ததில்லை.

வருகிறவர்கள் கேட்பது ஒரே கதையைத்தான். நூற்றெண்பது வருடத்துக்கு முன் இந்த அறைக்குத் தீ வைத்தவள் டார்கஸ் யோ என்ற பணிப்பெண். வேலையை விட்டு அனுப்பிய கோபம். மாளிகையில் அச்சடித்துத் தரும் தாளில் அப்படித்தான் இருக்கிறது. நார்மனும் அதையே சொல்லிவந்தார். போன குளிர்காலத்தில் தேவாலயத்தின் அடக்கப் பதிவேட்டைப் புரட்டியபோது அவள் பெயர் கண்ணில் பட்டது. வயது பத்தொன்பது. தீப்பிடிப்பதற்கு ஆறு நாள் முன்பே அவளைப் புதைத்திருந்தார்கள்.

தேவாலயத்தில் தேநீர் ஊற்றுகிறவள் நான். நேரே என்னிடம் வந்தார்.

“ஏழு வருஷமா அந்தப் பொண்ணு மேல பழி போட்டிருக்கேன், பெரில். இந்த வாயாலதான்.”

ஊற்றிக் கொடுத்த தேநீர் ஆறிப்போயிற்று.

மாளிகையின் சொந்தக்காரர் திருமதி அட்டர்பரியிடம் சொல்லிப் பார்த்தார். தாள் அச்சாகிவிட்டது என்று பதில் வந்தது.

இந்த ஜூனில் நார்மன் பதிவேட்டில் கண்டதையே சொன்னார். மூன்றாவது கூட்டத்துக்குப் பின்னால் திருமதி அட்டர்பரி நின்றிருந்தார்.

“நார்மன், தாள்ல இருக்கிறத மட்டும் சொன்னாப் போதுமே.”

“தாள் தப்பா இருக்கே, மேடம்.”

“ஜனங்க அந்தக் கதையக் கேக்கத்தான் வர்றாங்க.”

“யாரு வச்சதுன்னு தெரியலன்னு சொல்றேன். அதுவும் கதைதான?”

மதியத்துக்கு மேல் மஞ்சள் மேலங்கியைக் கொடுத்து, வண்டிகள் நிறுத்தும் புல்வெளிக்கு அவரை மாற்றிவிட்டார்கள். மழைக்கோட்டின் மேலேயே அதை மாட்டிக்கொண்டு போனார்.

சற்று நேரத்தில் தேவாலயத்துக்குள் என்றுமில்லாத கூட்டம். தேநீரை யாரும் கேட்கவில்லை, பதிவேட்டைக் கேட்டார்கள். குவளையைக் கழுவாமல் வைத்துவிட்டு வெளியே போய்ப் பார்த்தேன். மாளிகைக்குப் போக வலப்பக்கம் திரும்ப வேண்டும். நார்மன் ஒவ்வொரு வண்டியின் சன்னலிலும் குனிந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு, நிமிர்ந்து, இடது கையை முழு நீளத்துக்கும் நீட்டித் தேவாலயத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.