ஒரு டஜன் ரீடு

எங்கள் தீவின் அபர்டீன் பஜாரில் நான் மைக்செட் வாடகைக்கு விடத் தொடங்கிய சமயம், எங்கள் ஆட்களின் கல்யாணங்களுக்கெல்லாம் செல்லையாவின் பேண்டுதான். அவர் வாசித்தது கிளாரினெட்.

நான் மெட்ராஸுக்குக் கப்பலேறிய அன்று ஜெட்டிவரை வந்தார்.

"தம்பி, ஒரு டஜன் ரீடு வாங்கியாந்துருங்க. இருந்தது பிளந்துபோச்சு. மெயின்லேண்ட விட்டா எங்கயும் கிடைக்காது."

கிளாரினெட்டின் ஊதும் முனையில் பொருத்துகிற நாணல் பட்டை அது; இல்லாவிட்டால் சத்தமே வராது. சட்டைப் பையில் அடங்கிவிடும். நான் இசைத்தட்டுகளோடு மட்டும் திரும்பினேன். மறந்துவிட்டது என்றேன்.

"பர்வா நஹி தம்பி, அடுத்த ஜஹாஜ்ல பாத்துக்கலாம்."

அடுத்த கப்பலில் போய்த் திரும்பியபோதும் அதையே சொன்னேன். அந்த வருஷ முகூர்த்தங்களில் என் மைக்செட்தான் பாடியது. பேண்டு கலைந்தது. செல்லையா ரங்கத் பக்கம் காட்டில் மரம் வெட்டப் போய், மரம் சாய்ந்து செத்தார்.

துக்கம் கேட்கப் போனேன். அவர் மனைவி கிளாரினெட் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே மூங்கிலில் சீவிய பட்டைகள். பலவற்றில் ரத்தம் காய்ந்திருந்தது.

"ஒண்ணுலயும் சத்தம் வரல தம்பி, உதடுதான் கிழிஞ்சுது. நீங்க கொண்டாந்துருவீங்கன்னு கடைசிவரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தாரு."

நான் மறக்கவே இல்லை. இரண்டு தடவையும் மெட்ராஸில் ரீடு விற்கிற கடை வாசலில் நின்று, யோசித்துவிட்டுத்தான் நகர்ந்தேன். அன்றும் அதை மறைத்துக்கொண்டு, அந்த அம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.