கடத்தூரில் பிரித்த ஐந்தாம் பாகம்

ஞாயிறு காலை ஏழு மணிக்குச் சேலம் புதிய பேருந்து நிலையத்தில் தருமபுரி வண்டி ஏறினேன். அறுபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். தொப்பூர் மலைப்பாதையில் ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டதால், அதியமான்கோட்டை தாண்டும்போதே வெயில் ஏறிவிட்டது. ஊர் சுற்றிப் பார்க்க நான் போகவில்லை. ஒரு படக்கதையின் முடிவை ஒரு மனிதருக்குக் காட்டிவிட்டு வரப் போனேன்.

அவர் ஜப்பார் பாய். கடத்தூரில் தையல்கடைக்காரர். பழைய படக்கதை ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் எனக்குப் பழக்கம். பள்ளியில் படிக்கும்போது ஒரு குதிரைவீரன் கதையில் நான்கு பாகங்கள் படித்திருக்கிறார். நான்காவதின் கடைசிப் படத்தில் வீரன் கயிற்றுப் பாலத்தில் தொங்குகிறான். ஐந்தாம் பாகம் அவர் கைக்கு வரவேயில்லை. இப்போது சர்க்கரை ஒரு கண்ணை முழுக்கத் தின்றுவிட்டது. மற்றதில் நிழல்தான் தெரிகிறது. அதுவும் போய்விடும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

ஐந்தாம் பாகம் குழுவில் ஒரே ஒருவரிடம் இருந்தது. கம்பைநல்லூரில் உரக்கடை வைத்திருக்கும் செந்தில். வாங்கிய அன்றே அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஓரத்தைச் சூடு வைத்து ஒட்டிவிட்டார். எங்கள் ஆட்கள் பலருக்கு இந்த வியாதி உண்டு. உறை பிரிந்தால் மதிப்புப் போய்விடுமாம். அவ்வப்போது அட்டையை மட்டும் படம் எடுத்துக் குழுவில் போடுவார். எல்லோரும் கும்பிடுவார்கள். மூன்று மாதம் திட்டித்தான் அவரை வர வைத்தேன்.

ஒன்பதரைக்குத் தருமபுரி நிலையத்தில் அவரைச் சந்தித்தேன். இரண்டு அட்டைகளுக்கு நடுவே புத்தகத்தை வைத்துக் கயிறு கட்டியிருந்தார். காட்ட மட்டும்தான் கொண்டு வந்ததாகவும் பிரிக்கப் போவதில்லை என்றும் முதலிலேயே சொல்லிவிட்டார். நான் ஏதாவது சொல்லியிருந்தால் அங்கேயே அடிதடி ஆகியிருக்கும்.

கடத்தூர் வண்டியில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. இருபுறமும் மரவள்ளியும் தென்னையும். செந்தில் பொட்டலத்தைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு நடத்துனர், "உள்ள கண்ணாடிங்களா?" என்றார். புத்தகம் என்றதும் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

பாயின் கடை வீட்டின் முன்னறையில் இருக்கிறது. மெஷினில் இருந்தது அவர் மனைவி மும்தாஜ். இப்போது தைப்பது அவர்தான். பாய் புத்தகத்தை வாங்கி ஜன்னல் பக்கம் திரும்பினார். கண்ணுக்கு ஒட்டினாற்போல் பிடித்தார். தள்ளிப் பிடித்தார்.

"பளபளன்னு இருக்குதுங்க. உள்ள எதும் தெரியலியே."

செந்தில் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை, நன்றாகவே திட்டினேன். மும்தாஜ் மெஷினை நிறுத்திவிட்டுக் கத்தரியை மேசையில் வைத்தார்.

"வெட்றதுன்னா வெட்டுங்க. இல்லாட்டி எடுத்துட்டுப் போயிருங்க. அவரு கையில குடுத்துட்டுப் புடுங்காதீங்க."

செந்திலே வெட்டினார். ஒரு ஓரத்தை வெட்ட அவருக்கு ஐந்து நிமிடம் பிடித்தது.

பிறகு வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். வசனத்தை மட்டும் படித்ததால் பாய்க்கு எதுவும் விளங்கவில்லை. படத்தைச் சொல்லச் சொன்னார்.

"ஒரு குதிர வருதுங்க பாய்."

"என்னா கலரு?"

"இது கருப்பு வெள்ளப் புத்தகங்க."

"அது தெரியும்யா. கருப்புக் குதிரையா, வெள்ளக் குதிரையா?"

மும்தாஜ் சிரித்துவிட்டார். அதன்பின் செந்தில் தொப்பி, துப்பாக்கி, பாலத்தின் பலகை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் பார்க்காமல் விட்டதையும் சொன்னார். கடைசிப் பக்கத்தில் கயிறு அறுந்து வீரன் ஆற்றை நோக்கி விழுகிறான். அங்கே செந்திலின் குரல் நின்றது.

"அப்புறம்?"

"தொடரும்னு போட்டிருக்குதுங்க."

கதையை வெளியிட்ட பத்திரிகை அந்த இதழோடு நின்றுபோனது. ஆறாவது எங்கும் கிடைக்காததால் ஐந்தாவதே முடிவு என்று குழு மொத்தமும் நம்பியிருந்தது. வைத்திருந்தவரே அதைப் படிக்கவில்லை என்றால் வேறு யாருக்குத் தெரியும்?

பாய் குரல் வந்த பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார்: "செந்திலு, இது உங்கிட்ட எத்தன வருசமா இருக்குது?"

"பதினோரு வருசங்க."

"அன்னிக்கி எனக்குக் கண்ணு நல்லா இருந்துச்சி. முடிவு இல்லன்னா போவுது. அவன் வுழுவற படத்தயாச்சும் பாத்திருப்பன்."

செந்தில் புத்தகத்தை அவர் மடியில் வைத்தார். பாய் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "எனக்கு எதுக்குய்யா? நீ படி."

மும்தாஜ் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினோம். வண்டியில் செந்தில் பிரித்த புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அவருக்கு ஆறுதல் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

தருமபுரியில் சேலம் வண்டிக்குக் காத்திருந்தபோது குழுவில் எழுதினேன்: ஐந்தாம் பாகத்தைப் பிரித்துவிட்டோம், அதில் முடிவு இல்லை, ஜப்பார் பாய்க்கு இனிக் கண் இல்லை. சேலத்தில் நாங்கள் மாதம் ஒருமுறை கூடி, உறை போட்ட புத்தகங்களை மேசையில் பரப்பிப் படம் எடுத்துக்கொள்வோம். அந்த ஆட்கள்தான் முதலில் பதில் போட்டார்கள். அட்டை கிழியவில்லையே என்று ஒருவர் கேட்டிருந்தார். உறை எந்தப் பக்கம் வெட்டப்பட்டது, மறுபடி ஒட்ட முடியுமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார்.

தொப்பூர் மலைப்பாதை இறங்கும்வரை குழுவைப் பார்த்தேன். பாயைப் பற்றி யாரும் கேட்கவில்லை.