மூன்றாவது எண்

நல்ல கண்ணுள்ள ஒரு மனிதரைத் தன் கண்ணையே நம்பாதவராக ஆக்கியவள் நான்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். நான்கு ஆண்டுகளாக இதை யாரிடமும் சொன்னதில்லை... கணவரிடம்கூட. உங்களிடம் சொல்வதற்குக் காரணம், உங்கள் முகம் எனக்குத் தெரியாது என்பதுதான். அதிலும் ஒரு கோழைத்தனம் இருக்கிறது, பாருங்கள்!

என் பெயர் சுபத்ரா. மட்டாஞ்சேரியில் சுக்கு, மிளகுக் கிடங்குகளுக்கு நடுவே வீடு. எர்ணாகுளத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. என்ன வேலை என்று சொல்ல ஆரம்பித்தால் கேட்பவர்கள் இரண்டாவது நிமிடத்தில் கொட்டாவி விடுவார்கள். நீங்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கொட்டாவி விட்டால் என் குற்றம் உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். விசாரணைக்கு வந்தவர்களுக்கும் அப்படித்தான் ஆயிற்று.

விமானங்களுக்கும் ஹெலிகாப்டர்களுக்கும் வேண்டிய வானிலைச் செய்தி ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குப் போகிறது. காற்று எந்த வரியில், மேகம் எந்த வரியில் என்பதற்கு இருதரப்பும் ஒத்துக்கொண்ட ஒரு வடிவம் உண்டு. முன்பு அது ஒரே மொத்தையாக இருந்தது. பிறகு பகுதி பகுதியாகப் பிரித்தோம். இப்போதைய நிலவரம் ஒரு பகுதி, முன்னறிவிப்பு ஒரு பகுதி, எச்சரிக்கை ஒரு பகுதி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பதிப்பு எண். எங்களிடம் செய்தி வாங்கியவை பதினொரு நிறுவனங்கள். நிலவரப் பகுதி என் பொறுப்பு.

பதிப்பு எண் என்பது மூன்று எண்கள், இடையிடையே புள்ளி. முதல் எண் மாறினால் ஆபத்து என்று பொருள். பழைய மென்பொருள் இதைத் தப்பாகப் படிக்கும். ஆகவே பதினொரு பேரும் வேலையை நிறுத்தி, மாதிரிச் செய்திகளை ஓட்டிச் சோதித்து, கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். நடு எண் மாறினால் ஏதோ புதிதாகச் சேர்ந்திருக்கிறது, வேண்டுமானால் பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவது எண் மாறினாலோ... ஒன்றுமில்லை! எழுத்துப்பிழை, குறிப்புரைத் திருத்தம், அவ்வளவுதான். அவர்களுடைய கணினி தானாகவே ஏற்றுக்கொள்ளும். மனிதர் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இந்த விதிமுறையை எழுதியது யார் என்று நினைக்கிறீர்கள்? நானேதான். ஒவ்வொரு வரியும் என் கைப்பட!

அந்த ஆண்டில் இரண்டு முறை முதல் எண்ணை மாற்றும்படி ஆகிவிட்டது. இரண்டும் என் அவசரத்தால் நேர்ந்தவை. பதினொரு இடத்திலிருந்தும் முணுமுணுப்பு வந்தது. வாரக் கூட்டத்தில் எங்கள் மேலாளர், எல்லோரும் இருக்கும்போது, சிரித்துக்கொண்டே சொன்னார்: "நம்ம சுபாவோட பதிப்பு எண் ஆட்டோ மீட்டராக்கும். வண்டி நின்னாலும் அது ஓடும்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே பற்றி எரிந்தது. 

அதற்கு அடுத்த மாதம்தான் மூன்றாவது மாற்றம் வந்தது. செய்தியில் காற்றின் வேகம் என்று ஒரு வரி இருக்கும். காற்று சீராக அடிக்காமல் திடீரென்று எழும்பி அடங்கினால், அந்த வீச்சின் வேகம் அடுத்த வரியில் வரும். வீச்சு இல்லாத நாளில் அந்த வரியே இருக்காது. நான் அந்த வரியை அங்கிருந்து எடுத்து, வேறொரு தொகுப்புக்குள் வைத்தேன். ஒழுங்குக்காகத்தான், நல்ல மாற்றம்தான். ஆனால் பழைய மென்பொருள் பழைய இடத்தில் மட்டுமே தேடும். அங்கே காணாவிட்டால், இன்று வீச்சு இல்லை என்று எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடும். பிழை என்றுகூடக் காட்டாது.

முதல் எண் மாற வேண்டியதா, இல்லையா? அதில் எனக்குச் சந்தேகம் இருந்ததா? இல்லை. துளியும் இல்லை!

அன்று வீட்டிலிருந்தபடி வேலை. 4.0.0 என்று முதலில் தட்டினேன். ஆட்டோ மீட்டர் நினைவுக்கு வந்தது. அழித்தேன். 3.2.4 என்று தட்டினேன். முந்தையது 3.2.3. எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம் என்ன தெரியுமா? பதினொரு பேரில் பத்துப் பேர் இந்த மாற்றத்தை முன்கூட்டியே சோதித்துவந்தவர்கள். வீச்சை இரண்டு இடத்திலும் தேடும் புதிய மென்பொருள் அவர்களிடம் இருந்தது. மிஞ்சியது ஒரே ஒரு சின்ன ஹெலிகாப்டர் நிறுவனம். நாளைக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிட்டால் போயிற்று என்று நினைத்தேன்.

அது திங்கட்கிழமை. செவ்வாய் ஏதோ கூட்டம். புதன் மறந்துவிட்டேன்... மறந்தேனா? போன் செய்தால், அப்படியானால் முதல் எண்ணை அல்லவா மாற்றியிருக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் மறந்தேன். இன்றைக்கு அது தெளிவாகத் தெரிகிறது.

வியாழக்கிழமை மதியம் மழைக்காற்று இறங்கியது.

அந்தச் சின்ன நிறுவனத்தில் வானிலைத் திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தவர் கணேசன் சேட்டன். சேட்டன் என்றால் இங்கே அண்ணன். எங்கள் தெருவில் எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீடு. எங்களைப் போலவே தலைமுறைகளுக்கு முன் வந்து இங்கேயே நிலைத்துவிட்ட தமிழ்க் குடும்பம். பேச்சில் பாதி மலையாளம். திரையைப் பார்த்து, இறங்கலாமா கூடாதா என்று ஹெலிகாப்டர் ஓட்டுபவருக்குச் சொல்வது அவர் வேலை. பத்தொன்பது வருடமாக அதைச் செய்துகொண்டிருந்தார். அன்று திரையில் காற்று பதினான்கு நாட், அதாவது மணிக்கு இருபத்தாறு கிலோமீட்டர். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இறங்கலாம் என்று சொன்னார்.

உண்மையில் முப்பத்து மூன்று நாட் வீச்சு இருந்தது. செய்தியிலும் இருந்தது, நான் நகர்த்திவைத்த இடத்தில். தரைக்குச் சற்று மேலே ஹெலிகாப்டரைக் காற்று புரட்டியது. வால் சுவரில் மோதியது. ஓட்டியவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. உள்ளே இருந்த இருவருக்குச் சிராய்ப்பு. உயிர் போகவில்லை. இந்த 'உயிர் போகவில்லை'யை எத்தனை நூறு முறை எனக்குள் சொல்லிக்கொண்டிருப்பேன்!

சாயங்காலம் அவர் மனைவி வத்சலா சேச்சி வாசலில் நின்று என் அம்மாவிடம் அழுதுகொண்டிருந்தார்: "ஸ்கிரீன்ல வீச்சொண்ணும் காட்டலேன்னாக்கும் இவர் சொல்றார்."

எனக்கு அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது.  உள்ளே போய், அன்றைய செய்தியைத் திறந்து பார்த்தேன். அந்த வரி புதிய இடத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம் அல்லவா? நான் என்ன செய்தேன் தெரியுமா... மறுநாள் காலையில் 4.0.0 வெளியிட்டேன். உள்ளே ஓர் எழுத்தும் மாறவில்லை, எண் மட்டும்தான். முதல் எண் மாறியதால், விபத்து நடந்த பயத்தில், அந்த நிறுவனத்திலும் வாரக்கணக்கில் காத்திராமல் ஒரே வாரத்தில் சோதித்துப் புதிய மென்பொருள் ஏற்றினார்கள். இனி யாருக்கும் ஆபத்து இல்லை. எனக்கும் இல்லை.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். வியாழக்கிழமைச் செய்தியைப் புதிய திரையில் ஓட்டிப் பார்த்தார்கள். வீச்சு 33 என்று சிவப்பில், கொட்டை எழுத்தில் வந்தது. கணேசன் சேட்டனைக் கூப்பிட்டுக் காட்டினார்களாம். அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாராம். பிறகு, "உண்டு சார். நான்தான் கண்டில்லை" என்றாராம்.

கண்டில்லை! இல்லாததை எப்படி ஐயா காண்பது?

என்னிடமும் கடிதம் வந்தது. அந்த வாரம் பழைய திரைகளைப் பாதிக்கும்படி வடிவத்தில் ஏதேனும் மாற்றம் நேர்ந்ததா என்று கேட்டிருந்தார்கள். நான் இரண்டே வரியில் பதில் எழுதினேன். சம்பவத்தன்று நடப்பில் இருந்த பதிப்பு 3.2.4, முந்தைய பதிப்பிலிருந்து மூன்றாவது எண் மட்டுமே மாறியுள்ளது. படித்துப் பாருங்கள், ஒரு சொல்லாவது பொய்யா? அவர்கள் விதிமுறையைப் புரட்டினார்கள். மூன்றாவது எண்ணுக்கு என்ன பொருள் என்று நான் எழுதியிருந்ததைப் படித்தார்கள். 4.0.0 மறுநாள் வந்தது, ஆகவே சம்பவத்தோடு சம்பந்தமில்லை என்று குறித்துக்கொண்டு போய்விட்டார்கள். மூன்றாவது எண்ணை அவர்களும் திரும்பிப் பார்க்கவில்லை.

கணேசன் சேட்டனுக்கு வேலை போயிற்று. இப்போது எர்ணாகுளத்தில் பிராட்வே கடைத்தெருவில் ஒரு பாத்திரக்கடையில் நிற்கிறார். தினமும் காலையில் நானும் அவரும் ஒரே படகில்தான் எர்ணாகுளம் போகிறோம். வேறு படகில் போகலாமே என்று கேட்பீர்கள். போய்ப் பார்த்தேன். மூன்றாம் நாளே, "எந்தா மோளே, ஆளைக் காணலை, சுகமில்லையா?" என்று வீட்டுக்கே வந்துவிட்டார்.

வேலை போன புதிதில் அவர் கண்ணாடிக்கடைக்குப் போனார். சோதித்துவிட்டு, கண்ணில் ஒரு குறையும் இல்லை, வீட்டுக்குப் போங்கள் என்றார்களாம். இவர் விடவில்லை. படகில் என்னிடம் அதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

"அத்தறை பெரிசா செவப்புல எழுதியிருந்ததை நான் கண்டில்லை. அப்புறம் கண்ணு நல்லதுன்னா எப்படி? எனக்குக் கண்ணாடி தந்தே தீரணும்னு நின்னுட்டேன். பவர் இல்லாத வெறும் கண்ணாடி போட்டுத் தந்தான் மோளே! ஆனாலும் இது இருந்தா ஒரு தைரியம்."

அந்த வெறும் கண்ணாடியைத்தான் நான்கு வருடமாகப் போட்டிருக்கிறார். கடையில் பாத்திரத்தின் அளவுச் சீட்டை இரண்டு முறை படிக்கிறார். வாங்க வந்தவர்கள் சலித்துக்கொள்கிறார்களாம். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பாதிப் படியிலிருந்து திரும்பிப் போகிறாராம். அவர் எண்ணெய் தடவி வாரிய தலையோடு என் பக்கத்தில் வந்து உட்காரும் ஒவ்வொரு காலையிலும் அவர் வாயைத் திறக்கும் முன் நானே மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறேன். இன்றைக்குக் கேட்டுவிடுவாரோ... இன்றைக்கு யாராவது அவரிடம் சொல்லியிருப்பார்களோ...

ஏன் இப்போது சொல்கிறேன்? எங்கள் வடிவத்தில் மூன்று எண் முறையையே கைவிடுகிறார்கள். இனி ஆண்டைக் கொண்டு பெயர். அதனால் பழைய எண்கள் அனைத்துக்கும் ஒரு வரலாற்று அட்டவணை வேண்டும் என்றார்கள்: பதிப்பு, என்ன மாறியது, ஏன் மாறியது. நிலவரப் பகுதிக்கு என்னைத் தவிர வேறு யார் எழுதுவது? நாற்பதுக்கு மேல் வரிசைகள். எல்லாவற்றையும் இரண்டு நாளில் நிரப்பிவிட்டேன். 3.2.4 மட்டும் மூன்று வாரம் காலியாக இருந்தது.

ஒரே ஒரு வாக்கியம் போதும். வீச்சின் இடம் மாற்றப்பட்டது என்று அந்தக் கட்டத்தில் எழுதினால், விவரம் தெரிந்த யாரும் தேதியைப் பார்ப்பார்கள். கணேசன் சேட்டன் சொன்னது சரி என்று ஆகிவிடும். என் வேலை போகும். ஒருவேளை வழக்கும் வரும். என் மகள் பள்ளிக்கூடத்தில்... பாருங்கள், இங்கேயும் நான் எனக்காகத்தான் வாதாடிக்கொண்டிருக்கிறேன்!

கடைசி நாளன்று அந்தக் கட்டத்தில் 'சிறு திருத்தம்' என்று எழுதி அனுப்பினேன். பொறுமையாகச் செய்திருக்கிறாய் என்று மேலாளர் பாராட்டினார்.

அன்றிரவு தூங்கவில்லை. காகிதத்தில் எழுதாததை வாயாலாவது சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். மறுநாள் காலை படகுத்துறைக்குச் சீக்கிரமே போனேன். கணேசன் சேட்டன் அங்கே கம்பத்தில் ஒட்டியிருந்த புதிய நேரப் பட்டியலின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். மழைக்காலம் என்பதால் படகு நேரங்களை மாற்றியிருந்தார்கள்.

"சேட்டா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன். 

"சொல்லு மோளே. அதுக்கு முன்னாடி இதை ஒண்ணு நோக்கு." பட்டியலில் ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். "வைகுந்நேரம் கடைசிப் படகு ஏழு இருபதுன்னு நான் வாசிக்கிறேன். ரெண்டு தடவை வாசிச்சாச்சு. செரிதானா? எனக்கு என்னை நம்பிக்கை இல்லை, அதான்."

மாலை ஏழு இருபதுதான். தெளிவாக அச்சடித்திருந்தது.

"நீங்க வாசிச்சது செரிதான் சேட்டா" என்றேன்.

நான்கு வருடமாக நான் அவரிடம் சொல்ல வேண்டியிருந்த வாக்கியம் அதுவேதான். படகு நேரத்துக்காகச் சொன்னேன்.

"செரி. இனி நீ சொல்லு, எந்தா காரியம்?" என்று கேட்டார். படகு வந்து முட்டியது, கயிற்றை வீசினார்கள், ஆட்கள் நெருக்கினார்கள்.

"ஒண்ணுமில்லை சேட்டா. அப்புறம் சொல்றேன்."

அவர் தலையாட்டினார். கண்ணாடியைக் கழற்றி, சட்டை முனையில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். படகில் கால் வைப்பதற்கு முன் திரும்பி, அந்தப் பட்டியலை இன்னொரு முறை படித்துப் பார்த்தார்.