நீச்சல் குளத்துக்குக் கீழே வஞ்சிரம்

போன வாரம் தாமு போன் செய்தான். மாமல்லபுரம் பக்கம் ஒரு கடலோர ரிசார்ட்டில் நானும் அவனும் ஒரே மேஜையில் இரண்டு வருஷம் குப்பை கொட்டினோம். நான் வெளியே வந்துவிட்டேன். அவன் அங்கேயே இருக்கிறான்.

"மச்சான், நீச்சல் குளத்தை இடிச்சிட்டுப் புதுசா கட்டப் போறாங்க. பழைய மெயின்டனன்ஸ் கான்ட்ராக்ட்டை க்ளோஸ் பண்ணலாம்னு போனா, கம்ப்யூட்டரு இன்னா கேக்குது தெரியுமா? 'இதோட மீன் சப்ளையும் சேர்ந்து க்ளோஸ் ஆவும், ஓகேவா?'ன்னு கேக்குது. குளத்துக்குக் கீழ மீனைக் கொண்டாந்து வுட்டது எவன்டா?"

வேறு எவன்? நான்தான்.

நான் சேர்ந்த புதிதில்தான் அந்த கான்ட்ராக்ட் சாஃப்ட்வேரை வாங்கினார்கள். பீரோவில் தூங்கிக்கொண்டிருந்த ஃபைல்களை எல்லாம் அதில் ஏற்றுவது என் வேலை. மீன், ஐஸ், லாண்டரி, பூச்செடி, நீச்சல் குளம்... ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். பக்கத்தின் அடியில் ஒரு கட்டம் — 'பேரன்ட் கான்ட்ராக்ட்'. ஒரு பெரிய ஒப்பந்தத்தின் கீழ் வரும் சின்ன ஒப்பந்தம் என்றால், பெரியதன் நம்பரை அங்கே போட்டு இணைக்க வேண்டும். தனி ஒப்பந்தம் என்றால் காலியாக விடலாம்.

விடலாம்தான். என்னால் முடியுமா?

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். ஒன்பது வயதிலிருந்து தெருவுக்கே ஃபாரம் நிரப்பியவன். ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், முதியோர் பென்ஷன்... செய்யூர் தாலுகா ஆபீஸில் ஒரு கட்டம் காலி என்றால் ஃபாரம் திரும்பி வந்துவிடும். அதோடு அப்பாவின் ஒரு நாள் வேலையும் போய்விடும். அன்றிலிருந்து, காலிக் கட்டத்தைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும்.

ஆகவே எல்லோருக்கும் ஒரு பேரன்ட் பிடித்துக் கொடுத்தேன். பூச்செடிக்கு எரு. சோப்புக்கு லாண்டரி. மீனுக்கு? பெட்டியில் முதலில் ஐஸைப் போட்டு, அதன் மேல்தானே மீனை அடுக்குகிறார்கள்? ஐஸ்!

மேனேஜர் பார்த்தார். "ஒரு கட்டம்கூட காலி இல்லையே, வெரி குட்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சில மாதம் கழித்து ரிசார்ட் சொந்தமாக ஐஸ் மெஷின் வாங்கியது. ஐஸ் கான்ட்ராக்ட்டை மூடச் சொன்னார்கள். மூடினேன். கம்ப்யூட்டர் ஏதோ கேட்டது. 'ஆம்' என்று தட்டினேன். கேட்பதற்கெல்லாம் ஆம் சொல்வதுதானே நல்ல பையனுக்கு அழகு?

மறுநாள் காலை கேட்டில் ஒரே கூச்சல். ஒரு பக்கம் செக்யூரிட்டி ஏழுமலை. மறுபக்கம் கடப்பாக்கத்திலிருந்து தினமும் மீன் கொண்டுவரும் சரோஜா அக்கா. நடுவில் நாற்பது கிலோ வஞ்சிரம். சாஃப்ட்வேர் தினமும் ஒரு லிஸ்ட் பிரின்ட் போடும். அதில் இருக்கிற கான்ட்ராக்ட்காரருக்குத்தான் கேட் திறக்கும்.

"லிஸ்ட்ல நீ இல்லம்மா."

"நான் இல்லியா? அப்போ உன் எதுர்ல நின்னுகினு கீறது இன்னா, என் ஆவியா?"

மே மாத வெயில். பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இருநூறு பேருக்கு ஒரு கம்பெனி விருந்து. ஒரு நாள் சப்ளை தவறினாலும் கான்ட்ராக்ட் ரத்து என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு. அதை டைப் செய்தவனும் அடியேன்தான்.

ஐஸை மூடியதால் மீனும் மூடிக்கொண்டது என்று அக்காவுக்கு விளக்கினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன் நைனா, ஐஸு எனக்கு வேலைக்காரன். அவன் போனா நான் இன்னாத்துக்குப் போவணும்? நான் கடல்லேந்து வரேனா, ஃப்ரிட்ஜிலேந்து வரேனா?"

நான்கு பேர் உட்கார்ந்து எழுதிய சாஃப்ட்வேருக்குத் தெரியாதது கேட்டில் நின்றவருக்குத் தெரிந்திருந்தது.

ஓடினேன். கட்டத்தைக் காலியாக்கப் பார்த்தேன். விடவில்லை! ஒருமுறை பேரன்ட் போட்டுவிட்டால் ஆளை மாற்றலாம், அநாதையாக்க முடியாதாம். உயிரோடு இருக்கிற ஒரு கான்ட்ராக்ட் உடனே வேண்டும். முந்தின வாரம்தான் ஐந்து வருஷத்துக்குக் கையெழுத்தான நீச்சல் குளம் கண்ணில் பட்டது. தண்ணீர் சம்பந்தமாவது இருக்கிறதே? போட்டேன். மீனுக்கு உயிர் வந்தது. புது லிஸ்ட்டோடு கேட்டுக்கு ஓடினேன்.

ஏழுமலை எழுத்துக் கூட்டிப் படித்தார். "நீச்சல் கொளம்... அதுக்குக் கீழ மீனா?"

"ஆமாண்ணே."

"இன்னா கருமமோ. லிஸ்ட்ல கீது. நீ போம்மா."

அந்த வருஷம் வந்த ஆடிட்டர் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். எழுந்து போய் நீச்சல் குளத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"இப்ப இன்னாடா பண்றது?" என்றான் போனில் தாமு.

"சரோஜாக்கா இன்னும் வருதா?"

"டெய்லி. சொந்தமா குட்டியானை வண்டி வாங்கிடுச்சு. ஆனா இந்தக் குளத்தை மூடினா நாளைக்கு அது மறுபடியும் கேட்ல நிக்கும். புது வெர்ஷன்ல பேரன்ட்டை எடுக்கலாம்... எடுத்துட்டு யாரைப் போடறது?"

"யாரையும் போடாதே. காலியா வுடு."

"நீயாடா இதச் சொல்றே?" என்றான்.

நான்தான் சொன்னேன். தாமுவும் காலியாகவே விட்டுவிட்டான். மறுநாள் அக்காவின் வண்டி நிற்காமல் உள்ளே போயிருக்கிறது.

எனக்குத்தான் கை இன்னும் அரிக்கிறது.